இலை ஏன் வெள்ளியாகிறது? சேலத்திலும் ஏற்காட்டிலும் சில்வர் ஃபால்ஸ் வளர்ப்பவர்களுக்கு

ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் கார்களில் செடித் தொட்டிகளும் சேர்ந்தே இறங்கும். அவற்றில் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது சில்வர் ஃபால்ஸ். இதன் தாவரவியல் பெயர் டைகோண்ட்ரா அர்ஜென்ஷியா. நாலு விரல் உயரத்துக்கு மேல் நிமிராது. தரையில் விட்டால் படரும், தொட்டியில் வைத்தால் விளிம்பைத் தாண்டி மூன்று நாலு அடி நீளத்துக்குத் தொங்கும். சிறுநீரக வடிவில் விரல்நுனி அளவே உள்ள இலைகள், மேலெல்லாம் வெள்ளிப் பூச்சு. பல ஆண்டு வாழக்கூடிய செடிதான், ஆனால் நம்மூரில் பல வீடுகளில் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

அதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. "மலைச் செடிங்க, சேலத்து வெயில் தாங்காது" என்று கீழே சொல்கிறார்கள். "இங்க குளிர் அதிகம், அதான் போயிடுச்சு" என்று மேலே சொல்கிறார்கள். வெயில் தாங்காது என்று நம்பியவர் நிழலில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். செடி அழுகுகிறது. அடுத்த முறை இன்னும் அதிக நிழலில் வைக்கிறார்.

அந்த வெள்ளி எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால் போதும். வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மண் எப்படி என்ற கேள்விகளுக்கு விடை அதிலிருந்தே வந்துவிடும். அதனால் வளர்ப்பு முறைக்குப் போகும் முன் இலையிலிருந்து தொடங்குகிறேன்.

வெள்ளிக்குள் இருப்பது காற்று

கோடையில் சர்பத் கடையில் ஐஸ் துருவுவதைக் கவனித்திருப்பீர்கள். ஐஸ் கட்டியாக இருக்கும்போது அதன் வழியே மறுபக்கம் ஓரளவு தெரியும். அதையே துருவிக் குவித்தால் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடுகிறது. நடுவில் யாரும் நிறம் எதையும் சேர்க்கவில்லை. துருவல்களுக்கு இடையே காற்று புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போகும் ஒளி ஐஸிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து ஐஸுக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திரும்பித் தெறிக்கிறது. எல்லா நிறமும் ஒரே அளவில் தெறித்துக் கண்ணுக்கு வருவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அதே துருவலில் சர்பத்தை ஊற்றினால் வெள்ளை மறைந்து உள்ளே இருப்பது தெரிய ஆரம்பிக்கும். காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

சில்வர் ஃபால்ஸ் இலையிலும் நடப்பது இதுதான். இலையின் மேல்தோலுக்குப் புறத்தோல் என்று பெயர். அதிலிருந்து மெல்லிய முடிகள் நெருக்கமாக முளைத்துப் படிந்திருக்கின்றன. இவற்றைத் தாவரவியலில் தூவிகள் என்பார்கள். தூவிக்கென்று தனி நிறம் கிடையாது. வெள்ளி இலைச் செடிகள் பலவற்றில் தூவி முதிர்ந்ததும் அதற்குள் இருந்த உயிர்ப்பொருள் வற்றிக் காற்று நிரம்பிவிடும். ஒரு தூவிக்கும் அடுத்த தூவிக்கும் நடுவிலும் காற்றுதான். மேலே விழும் ஒளி இந்தக் காற்றடுக்கில் பட்டுச் சிதறுகிறது. அடியில் இலை வழக்கமான பச்சையாகவே இருக்கிறது. மேலே சிதறும் வெள்ளையும் கீழேயிருந்து கசியும் பச்சையும் சேரும்போது அதை வெள்ளி என்று நம் கண் எடுத்துக்கொள்கிறது.

வீட்டில் செடி இருந்தால் இப்போதே பார்க்கலாம். விரலை ஈரமாக்கி ஓர் இலையை அழுத்தித் தேயுங்கள். தேய்த்த இடம் பச்சையாகும். காய்ந்ததும் வெள்ளி பெருமளவு திரும்பிவிடும்.

எல்லா வெள்ளியும் ஒன்றல்ல

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "வெள்ளி இலைச் செடிக்கு நிழல் வேண்டும்" என்று ஒருவர் சொல்வார், "வெயில் வேண்டும்" என்று இன்னொருவர் சொல்வார். இருவரும் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள், ஆனால் பேசுவது வேறு வேறு செடிகளைப் பற்றி. இலையில் வெள்ளி மூன்று வழிகளில் வரலாம்.

முதல் வழி, நாம் பார்த்த தூவி. தொட்டால் பட்டு அல்லது கம்பளி மாதிரி இருக்கும். சில்வர் ஃபால்ஸ் இந்த வகை. ஆட்டுக்குட்டிக் காது என்று விற்கப்படும் ஸ்டாக்கிஸும் இதே வகைதான்.

இரண்டாவது, மெழுகு. வாழை இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினால் விரலில் வெண்மாவு ஒட்டும். அது இலை தானே சுரந்து பூசிக்கொண்ட மெழுகு. தேய்த்து எடுத்துவிட்டால் முதிர்ந்த இலையில் அந்தப் பூச்சு பழையபடி திரும்புவது அரிது.

மூன்றாவது, தோலுக்கு அடியில் இருக்கும் காற்றறை. அலுமினியம் செடி என்று நர்சரிகளில் விற்கும் பைலியாவைத் தடவிப் பாருங்கள். வெள்ளிப் பட்டைகள் வழவழவென்று இருக்கும், விரலில் எதுவும் ஒட்டாது. புறத்தோலுக்கும் அதன் கீழுள்ள பச்சைத் திசுவுக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் அந்த இடம் பளபளக்கிறது. ரெக்ஸ் பிகோனியாவின் வெள்ளியும் அப்படித்தான். இவை காட்டுத் தரையின் நிழலில் வளர்ந்து பழகியவை. சேலத்து வெயிலில் வைத்தால் கருகிவிடும்.

ஆகவே நர்சரியில் வெள்ளி இலைச் செடி எதைப் பார்த்தாலும் பெயரைக் கேட்கும் முன் இலையைத் தொட்டுப் பாருங்கள். தூவி இருந்தால் வெயிலுக்குப் போகலாம். வழவழப்பாக இருந்தால் நிழலில் வையுங்கள். எந்த விதிக்கும் விலக்கு உண்டு, ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல முதல் சோதனை எனக்குத் தெரியவில்லை.

இதுவரை பார்த்தது: சில்வர் ஃபால்ஸின் வெள்ளி ஒரு சாயம் இல்லை, தூவிகளுக்குள்ளும் இடையிலும் தங்கியிருக்கும் காற்று. காற்று போய் நீர் வந்தால் வெள்ளியும் போய்விடும்.

அந்தக் காற்றால் செடிக்கு என்ன லாபம்?

இந்தச் செடியின் சொந்த இடங்களில் முக்கியமானவை அமெரிக்காவின் டெக்சஸ், நியூ மெக்சிகோ பகுதிகளின் வறண்ட நிலமும் அதை ஒட்டிய மெக்சிகோவும். சரளைக் கல், சுள்ளென்ற வெயில், எப்போதாவது வரும் மழை. அங்கே பிழைக்க இரண்டு உதவிகள் தேவைப்படுகின்றன. இரண்டையும் தூவிப் போர்வை செய்கிறது.

ஒன்று, தேவைக்கு மீறிய ஒளியைத் திருப்பி அனுப்புவது. ஒளி குறைவாக உள்ளே போனால் இலை குறைவாகச் சூடாகும்.

மற்றொன்று, நீர் இழப்பைக் குறைப்பது. இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன, அவை இலைத்துளைகள். காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்க அவை திறந்தாக வேண்டும். திறக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும். இதுதான் நீராவிப்போக்கு. வெறும் இலை மேல் வீசும் காற்று அந்த ஆவியை உடனே அடித்துக்கொண்டு போய்விடும். தூவிகள் இருந்தால் இலையை ஒட்டி அசையாத காற்று ஒரு மெல்லிய படலமாக நிற்கும். ஆவி அதைக் கடந்து வெளியேற நேரம் பிடிப்பதால் இழப்பு குறைகிறது.

ஏற்காட்டில் இதைக் காட்ட ஒரு மரமே இருக்கிறது. காபித் தோட்டங்களில் நிழலுக்காக வைத்து, மிளகுக் கொடியும் ஏற்றிவிடுகிறார்களே, அந்த சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். காற்று பலமாக அடிக்கும்போது தோட்டம் முழுக்க ஒரு நொடி வெள்ளியாகப் புரண்டு மறுபடி பச்சையாகும். அதன் இலை மேலே பச்சை, அடியில் பட்டுத் தூவி. பெரும்பாலான மரங்களுக்கு இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். போர்வை எங்கே தேவையோ அங்கே இருக்கிறது.

போர்வைக்கு ஒரு விலை உண்டு

திருப்பி அனுப்பிய ஒளி செடிக்கு உணவாகாது. ஒளியைக் கொண்டு இலை உணவு தயாரிப்பதே ஒளிச்சேர்க்கை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வரும் ஒளியில் ஒரு பங்கை வாசலிலேயே நிறுத்திவிடும் செடிக்கு மற்றவற்றைவிட அதிக வெளிச்சம் கிடைத்தால்தான் கணக்கு சரியாகும். வெள்ளி இலைச் செடியை நிழலில் வைப்பது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆய்வாளர்கள் நன்றாக அளந்திருக்கும் செடி, அமெரிக்கப் பாலைவனத்தின் என்சீலியா ஃபாரினோசா. ஈரம் உள்ள காலத்தில் அது விடும் பசிய இலைகள் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தை உள்வாங்குகின்றன. வறட்சி முற்றியபோது விடும் வெண்மையான இலைகளில் அது ஏறத்தாழ 30 சதவீதம் வரை இறங்கிவிடும். ஒரே செடிதான், பருவம் பார்த்துப் போர்வையின் தடிப்பை மாற்றிக்கொள்கிறது.

சில்வர் ஃபால்ஸ் அந்த அளவுக்கு மாறாது. ஆனாலும் நிழலும் ஈரமும் தொடர்ந்தால் புதிதாக வரும் இலைகள் பசுமை கூடி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, செடி சோகை பிடித்தாற்போல இளைத்து நிற்கும். ஏற்காட்டு வீடுகளில் வராந்தாவுக்குள் தொங்கவிட்ட தொட்டிகளை இந்தக் கோலத்தில் பார்க்கலாம். "வெள்ளி போயிடுச்சு, நோய் வந்திருக்கு" என்று மருந்து தேடுகிறார்கள். வெளிச்சம்தான் அதற்கு மருந்து.

இதில் நினைவில் வைக்க வேண்டியது: தூவிகள் இலை விரியும் பருவத்திலேயே உருவாகிவிடும். விரிந்து முதிர்ந்த இலை தன் போர்வையைப் பிறகு தடிப்பாக்கிக்கொள்ளாது. வெயிலுக்கு மாற்றிய பிறகு பழைய இலை மாறவில்லையே என்று கவலைப்படாமல் கொடியின் நுனியில் வரும் புது இலையைப் பாருங்கள். அது வெள்ளியாக வந்தால் இடம் சரி. இதே காரணத்தால், நிழல்வலைக்குள் வளர்ந்த நர்சரிச் செடியை வாங்கிய அன்றே மொட்டை மாடி வெயிலில் வைக்கக் கூடாது. அதன் இலைகள் மெல்லிய போர்வையோடு பிறந்தவை. இரண்டு வாரம் காலை வெயிலில் மட்டும் பழக்கி, புது இலைகள் வரத் தொடங்கியதும் நகர்த்துங்கள்.

சுருக்கமாக: தூவி வெப்பத்தையும் நீர் இழப்பையும் குறைக்கிறது, அதற்கு விலையாக ஒளியைக் கொடுக்கிறது. அதனால் செடிக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். புது இலையின் நிறம்தான் அளவுகோல்.

செடி சாவது பெரும்பாலும் நீரால்

இலைமேல் காற்றுப் படலம் இருப்பது வறண்ட ஊரில் வரம். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கி நாள் முழுக்க நின்றால் அதே படலம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழவழப்பான இலையில் விழுந்த நீர் உருண்டு ஓடிவிடும். தூவிக்குள் புகுந்த நீர் அங்கேயே தங்கும். நெருக்கமாகப் படர்ந்த செடியின் உட்பக்கத்துக்குக் காற்றோட்டமும் கிடையாது. மணிக்கணக்கில் ஈரம் காயாத இலையில் பூஞ்சை பிடிக்கும். நடுவில் முதலில் பழுப்பாகி, பிறகு கொழகொழத்துப் போகும்.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் முக்கியம். வேரும் மூச்சு விடுகிறது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் நிற்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பி நின்றால் ஆக்சிஜன் வந்து சேரும் வேகம் படுத்துவிடும். காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் அது பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. வேர் திணறிச் செயல் இழக்கும். அந்த நேரம் பார்த்துப் பித்தியம் போன்ற நீர் விரும்பும் நுண்ணுயிர்கள் புகுந்து வேரைத் தின்னும். இதுதான் வேர் அழுகல்.

வேர் அழுகிய செடி தண்ணீரை உறிஞ்ச முடியாமல் வாடும். தொட்டி முழுக்க நீர் இருந்தும் இலை தொங்கும். பார்ப்பவர் "தண்ணி பத்தல" என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார். நல்ல மனதோடு செய்யும் இந்தக் காரியம்தான் செடியின் கதையை முடித்துவிடுகிறது. ஆகவே வாடிய செடிக்கு நீர் ஊற்றும் முன் இரண்டு வாட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தாகத்தில் வாடியது என்றால் இலைகள் உள்நோக்கிச் சுருண்டிருக்கும், தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும், நீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிரும். அழுகலில் வாடியது என்றால் தொட்டி கனக்கும், தண்டின் அடி கறுத்து மெத்தென்று இருக்கும், கிளறினால் மண்ணில் புளித்த நாற்றம் வரும். பின்னதுக்கு வைத்தியம் தேடி நாளைக் கழிக்காதீர்கள். நலமாக இருக்கும் நுனிக் கொடிகளை வெட்டி எடுத்துப் புதிதாக வேர் பிடிக்க வைப்பதுதான் வழி.

சேலம் வேறு, ஏற்காடு வேறு

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு ஊருக்கும் எட்டு டிகிரி போல வித்தியாசம் வருவது அதனால்தான். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் 40 டிகிரியை எட்டிப் பிடிக்கும். ஏற்காடு 30 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். மழையோ மேலே அதிகம். சேலத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது, ஏற்காட்டில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல்.

டெக்சஸ் வெயிலில் பிறந்த செடிக்கு இந்தக் கணக்கில் எது வீடு மாதிரி? சேலம்தான். கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் இந்தச் செடிக்கு அதிகக் கவனம் தேவைப்படுவது மலையில்தான். உறைபனி கொட்டும் ஊர்களில்தான் குளிர் அதற்கு எமன். ஏற்காட்டுக் குளிர் அந்த அளவுக்குப் போகாது. செப்டம்பர், அக்டோபரில் விடாமல் நிற்கும் ஈரம்தான் இங்கே அதற்குச் சோதனை.

ஏற்காட்டில் தரையில் நடுவதாக இருந்தால் சமதளத்தைத் தவிருங்கள். காபித் தோட்டங்களில் சரிவைத் தாங்கக் கல் அடுக்கிக் கட்டியிருக்கும் தடுப்புச் சுவர்களின் உச்சிதான் இதற்கு நல்ல இடம். அங்கே நட்டுச் சுவர்மேல் தொங்கவிட்டால் வேரில் நீர் நிற்காது, இலைக்கு எல்லாப் பக்கமும் காற்று கிடைக்கும். சுவர் தெற்குப் பார்த்தோ கிழக்குப் பார்த்தோ இருந்தால் இன்னும் நல்லது. மழைக்காலம் முடிந்ததும் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், தெற்கு முகத்தில் அந்த வெயில் நேராக விழும். ஓட்டு விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டும் கோட்டில் மட்டும் வைக்காதீர்கள். மர நிழலிலும் வேண்டாம்.

சேலத்தில் தரையில் நட்ட செடி முழு வெயிலைத் தாங்கும். தொங்கும் தொட்டி என்றால் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். இலைக்கு வெயில் பிரச்சினை இல்லை. சின்ன கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் சுற்றிலும் வெயில் பட்டு மண் கொதிக்கும், அந்தச் சூட்டில் வேர் வெந்துவிடும். நிலத்தில் உள்ள வேருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மண்ணிலும் காற்று வேண்டும்

சேலத்துச் செம்மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் நாலு மாதத்தில் இறுகிவிடும். ஏற்காட்டில் காபிச் செடி அடியில் கிடைக்கும் இலைமக்கு மண் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் ஈரத்தை விடாது. இரண்டையும் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும்.

சேலத்துக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு கரடுமுரடான மணல் அல்லது கால் இன்ச் சிப்ஸ் ஜல்லி, அரைப் பங்கு மண்புழு உரம் போதும். ஏற்காட்டுக்கு ஜல்லியை இரண்டு பங்காக்குங்கள். எம்-சாண்ட் பயன்படுத்துவதாக இருந்தால் கழுவி, மாவு போன்ற பொடியைப் போக்கிவிட்டுச் சேருங்கள். அந்தப் பொடி இடைவெளிகளை அடைத்து, நாம் தேடும் பலனுக்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். தேங்காய் நார்த்தூளைச் சேலத்தில் கொஞ்சம் கலக்கலாம், மலையில் வேண்டவே வேண்டாம்.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லும் கூழாங்கல்லும் ஒரு அடுக்கு போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாக வரும் நம்பிக்கை. துளை அடைபடாமல் இருக்க ஒரு சில்லு வைப்பது சரிதான். ஒரு முழு அடுக்குப் போடுவதால் வடிகால் அதிகமாகிவிடாது. நுண்ணிய மண் தன் நீரை இடைவெளிகளில் இழுத்துப் பிடித்திருக்கும். கீழே பெரிய கல் வந்தாலும் மண் முழுக்க ஊறித் ததும்பும் வரை அது நீரைக் கீழே விடாது. ஆகவே ஈரம் நிறைந்த பகுதி கல்லடுக்கின் மேல் உட்கார்ந்து வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். அந்த ஜல்லியை அடியில் குவிக்காமல் மண் முழுக்கக் கலந்தால்தான் பலன். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஏற்காட்டுக்கு மண் தொட்டி சிறந்தது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் காயும். சேலத்தில் அதே குணத்தால் கோடையில் மிக வேகமாகக் காய்ந்துவிடும், ஆகவே சிமெண்ட் தொட்டியோ வெளிர் நிற பிளாஸ்டிக்கோ வசதி.

எப்போது தண்ணீர்?

நாள் கணக்கு சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நான் சொல்வது, விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள் என்பதுதான். அந்த ஆழத்தில் ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வெளியேறும் வரை நிறைய ஊற்றுங்கள். தினம் ஒரு டம்ளர் தெளிப்பதைவிட, காயவிட்டு ஒரே முறை நிறைய ஊற்றுவது வேருக்கு நல்லது. நீர் கீழே இறங்கும்போது பின்னாலேயே புதுக் காற்றையும் மண்ணுக்குள் இழுத்துப்போகும்.

சேலத்து ஏப்ரலில் சின்னத் தொங்குதொட்டிக்குத் தினமும் தேவைப்படலாம். வறட்சி தாங்கும் செடி என்று கேள்விப்பட்டு வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். தாங்குவது வேர் ஆழ இறங்கிய தரைச் செடி. தொட்டிச் செடி முற்றிலும் காய்ந்தால் கொடிகள் இடையிடையே பழுப்பாகி நின்றுவிடும். ஏற்காட்டில் மழைக்கால வாரங்களில் தரைச் செடிக்கு நீங்கள் நீர் ஊற்ற வேண்டிய வேலையே இருக்காது.

ஊற்றுவது காலையில், மண்ணில். இலைமேல் தெளித்தால் தூவிக்குள் நீர் தங்கும் என்று பார்த்தோம். போர்வெல் நீர் உப்புக் கூடியதாக இருந்தால் காய்ந்த பிறகு திட்டுத் திட்டாக உப்பும் தங்கிவிடும்.

சுருக்கமாக: மண்ணில் நீர் நிற்காமல், இலைமேல் நீர் படாமல், வேர் முற்றும் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. இந்த வரிசையில்தான் முக்கியத்துவமும், மலையில்.

உரம், கத்தரிப்பு, பூச்சி

உரம் மிகக் கொஞ்சம். மூன்று மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். யூரியா மாதிரித் தழைச்சத்தை ஏற்றினால் இளசான, பசிய கொடிகள் ஓடும், அழுகலுக்கு முதலில் அவைதான் இரையாகும்.

மழைக்கு முன்னால், ஜூலை வாக்கில், நடுவில் அடர்ந்த கொடிகளைக் கத்தரித்துக் காற்றுக்கு வழி விடுங்கள். பாதி செடியை எடுத்தாலும் பயமில்லை, திரும்ப வரும்.

மாவுப்பூச்சி இந்த இலையில் ஒளிந்துகொள்ளும், வெள்ளைமேல் வெள்ளை தெரியாது. தண்டும் இலைக்காம்பும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு ஊர்ந்தாலும் சந்தேகப்படுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, பூச்சி உள்ள இடத்தில் மட்டும் ஒற்றி எடுப்பது போதும். வேப்பெண்ணெயைச் செடி முழுக்க அடித்தால் எண்ணெய் தூவிகளுக்குள் ஊறி, வெள்ளியும் மங்கும், வெயிலில் இலையும் கருகலாம். ஒரு கொடியில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புல்தரை போல மேலே நடக்க இது உதவாது. நடக்கும் இடத்துக்கு இதன் உறவான பச்சை டைகோண்ட்ரா கொஞ்சம் தாங்கும்.

நம் தரிசுகளில் உள்ள வெள்ளி இலைகள்

இந்த வேலை தெரிந்த செடிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. போகி அன்று காப்புக் கட்ட வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்க்கும் சிறுபூளையை எடுத்துப் பாருங்கள். பூங்கதிர் மட்டுமல்ல, இலையும் தண்டும் கூட வெண்தூவி போர்த்தவை. சேலம் மாவட்டத்துச் சாலையோரச் சரளையில், யாரும் நீர் ஊற்றாமல் நிற்கும். விஷ்ணுகிரந்தி இன்னும் தாழ்வாக, தரையோடு ஒட்டிப் படர்ந்து, பட்டுத் தூவி இலைகளுக்கு நடுவே சின்ன நீலப் பூ விடும். அது சில்வர் ஃபால்ஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரைவள்ளியும் அதே குடும்பம்தான்.

கல்லும் சரளையுமாக வெறும் இடம் வைத்திருப்பவர்கள் விஷ்ணுகிரந்தியை விதைபோட்டு வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நர்சரியில் வாங்குவதாக இருந்தால் அதன் உறவான, பிரேசிலிலிருந்து வந்த நீலப் பூ எவால்வுலஸ் கிடைக்கும். இலையில் சாம்பல் வெள்ளி, காலையில் பூ, மாலைக்குள் மூடிக்கொள்ளும். சில்வர் ஃபால்ஸ் அளவுக்கு வெள்ளி இல்லை, ஆனால் மழையைக் கொஞ்சம் கூடுதலாகவே பொறுக்கும்.

பெருக்குவதும் வாங்குவதும்

சில்வர் ஃபால்ஸை ஒரு தொட்டி வாங்கினால் போதும். கொடியின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். ஒரு கொடியைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் படியவைத்து, கணுவின் மேல் சின்னக் கல் ஒன்றை வைத்துப் பதியம் போடுங்கள். சில வாரத்தில் இழுத்துப் பார்த்தால் பிடித்திருக்கும். பிறகு தாய்க்கொடியிலிருந்து வெட்டிவிடலாம். தரையை மூட ஓர் அடிக்கு ஒரு செடி என்று நட்டால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். மழைக்காலம் தொடங்கும் முன்பே இப்படி ஒரு பதியத்தை எடுத்து, மழை படாத, வெளிச்சம் உள்ள இடத்தில் தனியாக வைப்பது ஏற்காட்டுக்காரர்களுக்கு நல்ல காப்பு.

வாங்க ஏற்ற காலம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஈரம் குறைந்திருக்கும், கோடைக்குள் வேர் ஆழப் பிடிக்க அவகாசம் கிடைக்கும். கோடை விழாவில் கண்டு ஆசைப்பட்டு மே மாதம் வாங்கினாலும் தவறில்லை, முதல் மழைக்காலத்தை மட்டும் கூரைக்கு அடியில் வெளிச்சத்தில் கழிக்க விடுங்கள். நர்சரியில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கொடிகளை விலக்கி நடுத்தண்டின் அடியைப் பாருங்கள். அங்கே கறுப்பு இருந்தால் மேலே எவ்வளவு வெள்ளியாகத் தொங்கினாலும் வேண்டாம் என்று வைத்துவிட்டு, அடுத்த தொட்டியை எடுங்கள்.